காற்றுக்கு மார்க் போடும் குழந்தைகள்

மத்தியானம் இரண்டு மணி வகுப்பு என்றால் எந்த ஊர்ப் பள்ளிக்கூடமானாலும் ஒரே கதைதான். வாத்தியாரம்மா பலகையில் பின்னக் கணக்குப் போட்டுக் கொண்டிருப்பாள். முதல் பெஞ்சில் ஒரு கொட்டாவி புறப்படும். அது இரண்டாவது பெஞ்சுக்குத் தாவும். கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேருவதற்குள் வாத்தியாரம்மாவே முந்தானையால் வாயை மூடிக் கொண்டிருப்பாள். "எல்லாம் சாப்பாட்டு மயக்கம்!" என்று நாம் தீர்ப்புச் சொல்லி விடுவோம். டிபன் டப்பாவில் தயிர் சாதம் வைத்து அனுப்பிய தாயாரின் தலையில்தான் பழி விழும்.

இந்த வழக்கை இங்கிலாந்துக் குழந்தைகள் மறு விசாரணைக்கு எடுத்துக் கொண்டிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஏழு வயது, எட்டு வயது, ஒன்பது வயதுத் துப்பறியும் நிபுணர்கள்! சாப்பாட்டுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் கூட்டாளி ஒருவன் இத்தனை காலமாக அகப்படாமல் வகுப்புக்குள்ளேயே நடமாடிக் கொண்டிருந்தான். அவன் வேறு யாருமில்லை. அந்த அறையின் காற்றுத்தான்.

இவர்கள் கைக்கு எப்படித் துப்புக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லி விடுகிறேன். கொரோனாக் காலத்தில், அறைக்குள் தேங்கி நிற்கும் காற்றில் நோய்க் கிருமியும் தேங்கி நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரிய வந்தது. 2021-ம் வருஷம் இலையுதிர் காலத்திலிருந்து இங்கிலாந்துக் கல்வி இலாகா தன் பள்ளிக்கூடங்களுக்கு மூன்று லட்சம் சின்னப் பெட்டிகளை அனுப்ப ஆரம்பித்தது. அலாரம் கடிகாரம் மாதிரி மேஜை மேல் உட்கார்ந்திருக்கும். காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று எண்ணில் காட்டும். பெரியவர்கள் அதைப் பார்த்து ஜன்னலைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் மினுக் மினுக்கென்று எண் மாறும் ஒரு பெட்டியை முப்பது குழந்தைகள் இருக்கும் அறையில் வைத்து விட்டு, 'இது பெரியவர்களுக்கு' என்றால் நடக்கிற காரியமா?

எந்தக் குழந்தையும் அந்தப் பெட்டிக்கு முதலில் செய்யும் மரியாதை, அதன் மேல் 'பூ' என்று ஊதுவதுதான். எண் வானத்துக்குப் போய் விடும். அதுவே முதல் பாடம். வெளிக் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்குதான் கரியமில வாயு. நாம் வெளியே விடும் மூச்சிலோ ஏறக்குறைய 40,000 பங்கு, அதாவது நூறு மடங்கு! ஆகவே பெட்டியை யார் முகத்துக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஜன்னலோரத்திலும் வைக்கக் கூடாது. அங்கே வைத்தால் எப்போதும் நல்ல மார்க்காகவே காட்டிக் கொண்டிருக்கும். குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் உயரத்தில், கொஞ்சம் ஒதுங்கினாற் போல வைக்க வேண்டும். சாட்சியை விசாரிக்கும்போது யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது அல்லவா? அந்த மாதிரி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், பின்னக் கணக்கு அல்ல. உட்கார்ந்து பாடம் படிக்கும் குழந்தை ஒன்று மணிக்குச் சுமார் 10 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. முப்பது குழந்தைகளுக்கு 300 லிட்டர். சாதாரணமான வகுப்பறை ஒன்றில் சுமார் 1,80,000 லிட்டர் காற்று இருக்கும். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இறுக மூடி விட்டால் ஒரு மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்குக்கு மேல் கூடி விடுகிறது. 420-ல் ஆரம்பித்தது 2,000-ஐத் தாண்டி நிற்கிறது! நிஜத்தில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் கொஞ்சம் கசிவதால் இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் குளிர் காலத்தில் 2,000, 2,500 என்று எண் ஏறுவது அந்தத் தேசத்து வகுப்பறைகளில் அதிசயமே இல்லை. 800-க்குள் இருந்தால் நல்ல காற்றோட்டம். 1,500-க்கு மேலேயே நின்றால் ஏதாவது செய்தாக வேண்டும். கல்வி இலாகா சொல்லும் பாஸ் மார்க்கும் பெயில் மார்க்கும் இவைதான்.

இந்த அளவுக்குக் கரியமில வாயு விஷமல்ல. அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். நாம் உள்ளே இழுக்கும் மூச்சில் எவ்வளவு பாகம் ஏற்கனவே பிறர் நெஞ்சுக்குள் போய் வந்தது என்பதை அது காட்டிக் கொடுக்கிறது. கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது, இல்லையா? எச்சில் தம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டோம்; எச்சில் காற்றை மட்டும் நாள் முழுவதும் குடித்துக் கொண்டிருக்கிறோம்!

இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் ஒரு ஜெர்மானியர். மாக்ஸ் பான் பெட்டன்கோபர் என்று பெயர். மியூனிக் நகரத்தில் சுகாதார விஞ்ஞானப் பேராசிரியராக இருந்தவர். கெட்ட காற்றுக்கு எத்தனையோ காரணங்கள். அத்தனையையும் அளக்க முடியாது. மூச்சோடு சேர்ந்து வரும் கரியமில வாயுவை அளந்தால் மற்றதை ஊகித்துக் கொள்ளலாம் என்றார். ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் அந்த அறை குடியிருக்க லாயக்கில்லை என்று 1858-ல் எழுதினார். பத்து லட்சத்துக்கு 1,000 என்று இன்றைய நிபுணர்களும் அந்த எண்ணைச் சுற்றித்தான் வந்து கொண்டிருக்கிறார்கள். மனிதர் வெகு பிடிவாதக்காரர். காலராவுக்குக் கிருமி மட்டுமே காரணம் என்பதை ஒப்புக் கொள்ளாமல், 1892-ல், எழுபத்து மூன்று வயதில், காலராக் கிருமி கலந்த திரவத்தை எல்லோருக்கும் முன்னால் மடக் மடக்கென்று குடித்தார்! லேசான வயிற்றுப்போக்கோடு பிழைத்தும் கொண்டார். காலரா விஷயத்தில் அவர் கட்சி தோற்றது. காற்று விஷயத்தில் இன்று வரை தோற்கவில்லை.

ஒட்டகத்தின் முதுகு

பெட்டி வந்த பிறகு, அதை வைத்துக் குழந்தைகளையே ஆராய்ச்சி செய்ய விட்டால் என்ன என்று சில சர்வகலாசாலைக்காரர்களுக்குத் தோன்றியது. லண்டன் இம்பீரியல் கல்லூரி முன்னால் நிற்க, கேம்பிரிட்ஜ், யார்க், லீட்ஸ், சரே முதலிய சர்வகலாசாலைகள் கூடச் சேர்ந்தன. திட்டத்தின் நீளமான பெயரைச் சுருக்கி 'ஸாமி' என்று கூப்பிடுகிறார்கள். நம் காதுக்குச் 'சாமி' என்றே விழும். சாமி தரும் பெட்டி கரியமில வாயுவோடு நிற்பதில்லை. தூசி, வெப்பம், ஈரம், பசையிலிருந்தும் ஸ்பிரேயிலிருந்தும் கிளம்பும் ஆவி எல்லாவற்றையும் அளக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் இலவசமாக வாங்கிக் கொண்டன. அளவுகள் தாமாகவே கம்ப்யூட்டருக்குப் போய்க் கோட்டுப் படமாகி விடுகின்றன. குழந்தைகளுக்கு அந்தக் கோடுதான் விளையாட்டு மைதானம்.

ஒரு நாளைய கோட்டைப் பாருங்கள். இரட்டைத் திமில் ஒட்டகம் படுத்திருப்பது போல இருக்கிறது. காலை மணி அடித்ததும் ஏற ஆரம்பிக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு காலியானதும் சரிகிறது. மத்தியானம் மறுபடி ஏற்றம். வீட்டுக்குப் போனபின் மெல்லச் சரிந்து ராத்திரி 420-க்குப் பக்கத்தில் படுத்து விடுகிறது. இரண்டாவது திமில் எங்கே உயரமாக இருக்கிறது? கொட்டாவி இரண்டாவது பெஞ்சுக்குத் தாவிய அதே நேரத்தில்தான்!

இவ்வளவோடு விடுகிறார்களா? சாயங்காலம் யாரும் இல்லாத அறையில் ஆவியின் கோடு திடீரென்று துள்ளிக் குதிப்பானேன்? பேயா, பிசாசா? துடைத்துச் சுத்தம் செய்ய வந்தவர் தெளித்த வாசனைத் திரவம்! ஓட்டு வேலை வகுப்பில் பசை டப்பாவைத் திறந்தால் அது உடனே தெரியும். உட்கார்ந்திருந்த வகுப்பு எழுந்து நின்ற இடத்திலேயே குதித்தால் கரியமில வாயு இன்னும் வேகமாக ஏறும். ஒரு ஜன்னலைத் திறந்தால் எவ்வளவு இறங்குகிறது? இரண்டு ஜன்னலா, ஒரு ஜன்னலும் எதிர்ப்பக்கத்துக் கதவுமா, எது ஜெயிக்கும்? எதிரும் புதிருமாகத் திறந்ததுதான் ஜெயிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் காற்று பிய்த்துக் கொண்டு போகிற வீட்டில் நீங்கள் வளர்ந்திருக்கலாம். ஜன்னலைத் திறந்து பார்த்துக் கோட்டில் கண்டு பிடித்த குழந்தைக்கு அது சொந்தச் சொத்து.

முன்கூட்டியே ஊகத்தை எழுதி வைக்க வேண்டும். பிறகு அளக்க வேண்டும். பிறகு தலைமை ஆசிரியருக்கோ மற்ற வகுப்புக்கோ அறிக்கை கொடுக்க வேண்டும். இந்த வரிசையில்தான் வேலை நடக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் கடைசியில் வருவதுதான். "ஸார், எங்கள் அறையில் புழுக்கமாக இருக்கிறது" என்று ஒரு பையன் சொன்னால், "சும்மா உட்கார்" என்று பதில் வரும். "செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு 1,900; ஜன்னலைத் திறந்து கால் மணியில் 1,000" என்று காகிதத்தில் எழுதி நீட்டினால் உட்காரச் சொல்ல முடியுமா? வீட்டிலும் அப்படித்தானே! "செலவு ஜாஸ்தி" என்று சொன்னால் காதில் ஏறாத மனிதர்கள், கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினால் கண்ணாடியைத் தேடுகிறார்கள்.

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்பீர்கள். டென்மார்க்கில் வார்கோக்கி, வயன் என்ற இரு நிபுணர்கள் பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளை வைத்துச் சோதனை செய்து 2007-ல் வெளியிட்டிருக்கிறார்கள். வகுப்புக்குள் வெளிக் காற்று வரும் அளவை அதிகப்படுத்தியபோது அதே குழந்தைகள் அதே மாதிரிக் கணக்கையும் வாசிப்பையும் அதிக வேகமாகச் செய்தார்கள். தவறுகளின் எண்ணிக்கையில் மட்டும் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லையாம். காற்று, தூக்கத்தைத்தான் கலைக்கும் போலிருக்கிறது. வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுக்காது!

சரி, ஜன்னலைத் திறந்து விட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள். அங்கே குளிர் என்று ஒரு மாமியார் இருக்கிறாள். 1870-க்குப் பிறகு லண்டனில் கட்டிய பழைய பள்ளிக்கூடங்களில் கூரை உயரம், ஜன்னலும் உயரம். மேல் கதவைத் திறக்க நீளக் கழி வேண்டும். அந்தக் கழி எங்கே போயிற்று என்பது தனிச் சரித்திரம். பெயின்ட் பூசிப் பூசி ஒட்டிக் கொண்ட ஜன்னல்களும் உண்டு. புதிய கட்டடங்களோ, உஷ்ணம் வெளியே போகக் கூடாது என்று இடுக்கில்லாமல் அடைத்துக் கட்டியவை. ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2020 குளிர் காலத்தில், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லா ஜன்னல்களையும் 'படார்' என்று அகலத் திறந்து, மூன்று முதல் ஐந்து நிமிஷத்தில் மூடி விட வேண்டும் என்று அவர்களுடைய சுற்றுச்சூழல் இலாகா யோசனை சொல்லிற்று. காற்று மாறி விடும்; சுவர்களில் ஏறிய சூடு போகாது. குழந்தைகள் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்து பாடம் படித்தார்கள். நாள் முழுவதும் ஒரு சாண் திறந்து வைப்பதைவிட இது மேல் என்பது சரியான கணக்குத்தான்.

வெளியே நிற்கும் ஆசாமி

குளிரைக் கோட்டுப் போட்டுச் சமாளித்து விடலாம். ஜன்னலுக்கு வெளியே வேறொரு ஆசாமி நிற்கிறான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் லண்டனில் ஒரு தாயாரின் கதையைச் சொல்லாமல் முடியாது.

தென்கிழக்கு லண்டனில் லூயிஷம் என்ற பேட்டையில், ஓயாமல் வண்டிகள் போகும் பெரிய சாலைக்கு மிக அருகில் வசித்தவள் எல்லா என்ற சிறுமி. தாயார் ரோஸமண்ட் அடூ-கிஸ்ஸி-டெப்ரா ஆசிரியையாக இருந்தவர். ஆறு வயது வரை ஓடி ஆடிக் கொண்டிருந்த பெண்ணுக்கு ஆஸ்துமா வந்தது. மூன்று வருஷங்களுக்குள் ஏறக்குறைய முப்பது தடவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். 2013 பிப்ரவரியில், ஒன்பதாவது வயதில், எல்லா கண்ணை மூடி விட்டாள். மூச்சுத் திணறலால் மரணம் என்று முதல் விசாரணையில் எழுதி முடித்து விட்டார்கள்.

ஏன் திணறியது என்று தாயார் கேட்டுக் கொண்டே இருந்தார். ஸ்டீபன் ஹோல்கேட் என்ற ஆஸ்துமா நிபுணர், அவர்கள் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரத்தில் இருந்த நகரசபைக் காற்றளவுக் கருவியின் பழைய ஏடுகளை எடுத்தார். எல்லாவின் ஆஸ்பத்திரித் தேதிகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாலைப் புகை சட்டம் விதித்த எல்லையைத் தாண்டித் தாண்டிப் போயிருந்தது. ஹைகோர்ட்டு முதல் தீர்ப்பை ரத்துச் செய்தது. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ, காற்றில் கலந்த மாசும் இந்தக் குழந்தையின் மரணத்துக்கு ஒரு காரணம் என்று எழுதினார். உலகத்திலேயே ஒருவருடைய மரணப் பத்திரத்தில் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை என்கிறார்கள். அந்தக் கருவி அந்தத் தெருவோரத்தில் இல்லாமல் இருந்திருந்தால்? தாயாரின் சொல்லை எதிரே வைத்து நிறுக்க எந்தக் கல்லும் இருந்திராது.

அதே லண்டனில் 2019-ல் ஐந்து தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 250 குழந்தைகள் முதுகுப் பையில் காற்றளவுக் கருவியைச் சுமந்து கொண்டு ஒரு வாரம் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். டைசன் கம்பெனி செய்து கொடுத்த பை. கணக்குப் பார்த்தவர்கள் கிங்ஸ் கல்லூரி விஞ்ஞானிகள். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடையும், தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்தூசியையும் அந்தப் பை அளந்தது. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது சுவாசித்ததைப் போல ஐந்து மடங்கு நைட்ரஜன் டை ஆக்ஸைடை வழியில் சுவாசித்திருக்கிறார்கள்! பெரிய சாலையை விட்டுப் பின் சந்து வழியாக நடந்தால் குறைகிறது என்பதும் தெரிந்தது. முடிவைப் பார்த்த பிறகு குழந்தைகளில் பலர் வழியை மாற்றிக் கொள்ளப் போவதாகச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள்: காலையில் அவசரமாகக் கைப்பிடித்து இழுத்துக் கொண்டு போகும் அம்மாவை நிறுத்தி, "இந்தப் பக்கமாகப் போகலாம், இங்கே எண் குறைச்சல்" என்று பெண் சொல்கிறாள்!

இப்போது வகுப்புக்குத் திரும்புவோம். பெரிய சாலையோரப் பள்ளிக்கூடம். ஜன்னலை மூடினால் ஒரு கோடு ஏறுகிறது. திறந்தால் கரியமில வாயு இறங்கித் தூசிக் கோடு ஏறுகிறது. எட்டு வயது ஆராய்ச்சிக்காரர் என்ன செய்வார்? இந்த இடத்தில்தான் விளையாட்டு, விளையாட்டாக இல்லாமல் போகிறது.

அமெரிக்காவில் இதற்குக் கைவசமாக ஒன்று செய்தார்கள். 2020-ல் ரிச்சர்டு கோர்ஸி என்ற பேராசிரியர் யோசனை சொல்ல, ஜிம் ரோஸந்தால் என்ற வடிகட்டி வியாபாரி செய்து காட்டிய பெட்டி அது. நான்கு சதுர வடிகட்டிகளைப் பெட்டி போல நிறுத்தி, மேலே ஒரு மின்சார விசிறியை வைத்து, ஒட்டு நாடாவால் சுற்றி விட வேண்டியது. அங்கே குறைந்த செலவில் முடிந்து விடும். பல பள்ளிக்கூடங்களில் குழந்தைகளே கட்டிக் கண்ணும் மூக்கும் வரைந்து பெயரும் வைத்திருக்கிறார்கள். தூசிக் கோடு விழுகிறது, கிருமித் துளிகளும் சிக்கிக் கொள்கின்றன. கரியமில வாயுக் கோடு மட்டும் அசைவதில்லை! வடிகட்டிக்குத் துகள்தான் அகப்படும், வாயு அகப்படாது. சாதத்தை வடித்தால் கஞ்சி ஓடி விடுவது போல. ஆகவே இரண்டு வைத்தியமும் வேண்டியிருக்கிறது. அதாவது, சாலைப் பக்கத்து ஜன்னலை வண்டிகள் நெரியும் நேரத்தில் மூடி, தோட்டத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்து, உள்ளே விசிறிப் பெட்டியையும் ஓட விட வேண்டும்.

அதற்கு மேல் உள்ளது குழந்தைகளால் ஆகிற வேலை அல்ல. லண்டனில் 2019 ஏப்ரலில் நகர மையத்தில் அதிகப் புகை விடும் வண்டிகளுக்கு வரி போட்டார்கள். 2023 ஆகஸ்டில் நகரம் முழுவதற்கும் விரித்தார்கள். ரகளை கொஞ்சமல்ல. காலை, மாலை மணி அடிக்கும் வேளைகளில் பள்ளிக்கூடத் தெருவில் வண்டியே வராமல் தடுக்கும் ஏற்பாடும் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் வந்திருக்கிறது. சுத்தமான காற்று மனிதனின் உரிமை என்று சட்டம் செய்ய ஒரு மசோதா, எல்லாவின் பெயரைச் சொல்லியே, 2022 டிசம்பரில் பிரபுக்கள் சபையில் நிறைவேறியது. காமன்ஸ் சபையைத் தாண்டவில்லை. ரோஸமண்ட் அம்மாள் விடவில்லை.

நம் வீட்டுச் சமாசாரம் ஒன்று பாக்கி இருக்கிறது. சுவரில் மாட்டிய ஏ.ஸி. வெளியிலிருந்து காற்றைக் கொண்டு வருவதாகப் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏ.ஸி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. கதவைச் சாத்திக் கொண்டு நான்கு பேர் படுத்தால் விடிவதற்குள் பெட்டன்கோபர் எல்லையைத் தாண்டி விடுவது சர்வ சாதாரணம். காலையில் தலை கனக்கிறது என்றால் காப்பி குறைச்சல் என்று முடிவு கட்ட வேண்டாம். அதே அறையில் கொசுவர்த்தியும் புகைந்தால் தூசிக் கணக்கு தனி. படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம் எதிர் எதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ராத்திரி கதவை ஒரு விரற்கடை விட்டு வையுங்கள். பெட்டி வாங்கித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. அறைக்குள்ளேயே இருக்கும் மூக்கு சில நிமிஷங்களில் பழகிப் போய் 'எல்லாம் சரி' என்று பொய் சொல்லும். ஆகவே வெளியே போய் நின்று, கால் மணி கழித்துச் சட்டென்று உள்ளே நுழைந்து முதல் மூச்சை இழுத்துப் பாருங்கள். குழந்தையையும் அழைத்துக் கொண்டு போங்கள்; பென்சிலும் நோட்டும் அவள் கையில் இருக்கட்டும்.